காதுல புடிபடாத சத்தத்த கண்ணுக்கு காட்டுறது எப்படி: டவுன் சின்ட்ரோம் உள்ள புள்ளைங்களோட வீட்டாளுங்களுக்கு

என் தம்பிக்கு இப்ப 11 வயசு. எட்டு வயசு வரைக்கும் அவனுக்கு சட்டையும் "தத்த" தான், தாத்தாவும் கிட்டத்தட்ட "தத்த" தான், காலைல ஸ்கூலுக்கு கெளம்புற நேரத்துல "தத்த தத்த"ன்னு அழுவான், சட்டைய கேக்குறானா தாத்தாவ கேக்குறானான்னு புரியாம அம்மா பிரட்டுக்கு, அதான் தேயிலை தோட்டத்துல காலைல வேலைக்கு பேர் குடுக்கிற எடத்துக்கு, நேரமாச்சுன்னு அவசரத்துல ரெண்டையும் கொண்டாந்து நிப்பாட்டுவாங்க. நாங்க சும்மா இருக்கல, "சரியா சொல்லு, ச... சட்ட"ன்னு ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லியிருப்போம்னு கணக்கே இல்ல, அவன் என் வாயையே உத்து பாத்துட்டு ரொம்ப கவனமா "தத்த"ன்னு சொல்லுவான், நாங்க சத்தமா சொன்னா அவனும் சத்தமா "தத்த"ம்பான். அவன் புடிவாதம் புடிக்கல. அவன் காதுக்கு அவன் சொன்னது சரியா தான் இருந்துச்சு. இத எங்களுக்கு புரிய வச்சது பட்டணத்து ஆஸ்பத்திரியில இருந்த ஒரு ஸ்பீச் தெரபி மிஸ், அவங்க அவன ஒரு தடவ கூட "சரியா சொல்லு"ன்னு சொல்லல, முகம் பாக்குற கண்ணாடிய அவன் முன்னால வச்சுட்டு தன் பல்ல காட்டுனாங்க.

அன்னைல இருந்து மூணு வருசமா வீட்டுல என்னென்ன செஞ்சோம், எது வேல செஞ்சது, எத செஞ்சு நேரத்த வீணாக்கினோம்னு இங்க எழுதுறேன். இது தெரபிக்கு பதிலா இல்ல, மாசத்துக்கு ஒரு தடவ தான் கிளினிக் கெடைக்கும், அதுக்கும் ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி போகணும், அப்ப மிச்சம் இருக்கிற 29 நாளும் நம்ம கையில தான இருக்கு, அந்த 29 நாளுக்கு தான் இது.

ஏன் கண்ணுக்கு காட்டணும்

டவுன் சின்ட்ரோம்னா 21வது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கிறது. அதனால பேச்சுக்கு பல பக்கத்துல இருந்து தடை வருது: வாய் தசை தளர்வா இருக்கும், மேலண்ணம் ஒடுக்கமா இருக்கும், அந்த சின்ன வாய்க்குள்ள நாக்குக்கு எடம் பத்தாது, காதுல அடிக்கடி நீர் கோத்துக்கும், இதுக்கெல்லாம் மேல காதால கேட்டத கொஞ்ச நேரம் மனசுல புடிச்சு வச்சிருக்கிற திறன் கொறவு. ஆனா பாத்தத புடிச்சு வச்சுக்கிற திறன் அத விட நல்லா இருக்கும். உங்க வீட்டுலயும் பாத்திருப்பீங்க, எந்த சாமான் எங்க இருக்குன்னு நம்மள விட அவங்களுக்கு தான் தெரியும். நீங்க "சட்ட"ன்னு சொன்ன உடனே அந்த சத்தம் காத்துல போயிடுது, புள்ள அத தன் சத்தத்தோட ஒப்பிட்டு பாக்குறதுக்குள்ள அது இல்ல. படமா காட்டினா அது அங்கயே நிக்கும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம், உன்னது இது என்னது இதுன்னு பக்கத்துல பக்கத்துல வைக்கலாம்.

வெளிநாட்டுல இதுக்குன்னு பெரிய மெஷின்லாம் இருக்கு, அத பத்தி கீழ சொல்றேன். ஆனா அடிப்படை விசயம் எல்லாத்துலயும் ஒண்ணு தான், அத லயத்து காம்பராக்குள்ளயும், அதான் தோட்டத்து வரிசை வீட்டு ரூமுக்குள்ளயும், செய்யலாம்.

மொதல்ல காது, அப்புறம் கண்ணு

இத தாண்டி குதிக்காதீங்க. நாங்க தாண்டினோம், அதுல பல மாசம் போச்சு. காதுக்குள்ள ஜவ்வுக்கு பின்னால பசை மாதிரி நீர் சேந்திருந்தா புள்ளைக்கு சத்தம் தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி கேக்கும், அதுலயும் "ஸ்" மாதிரி மெல்லிய சத்தம் சுத்தமா கேக்காம போகலாம். வலி இருக்காது, சீழ் வராது, அதனால வீட்டுல யாருக்கும் தெரியாது. ENTன்னு எழுதி இருக்கிற காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்ப துண்டு எழுதி கேளுங்க, காது சோதனைய ஒரு தடவ செஞ்சதோட விடாம வருசா வருசம் செய்ங்க, ஏன்னா இது வந்து வந்து போற விசயம், போன வருசம் சரின்னு சொன்னது இந்த வருசத்துக்கு ஆகாது.

கண்ணு விசயம் யாரும் எங்களுக்கு சொல்லல, நானே பின்னால தான் தெரிஞ்சுக்கிட்டேன். டவுன் சின்ட்ரோம் உள்ள புள்ளைங்கள்ல நெறைய பேருக்கு தூரம் மட்டும் இல்ல, கிட்டத்துல பாக்குறதும் மங்கல். பிரிட்டன்ல கார்டிஃப் யூனிவர்சிட்டில இதுக்குன்னே ஒரு குழு வருசக்கணக்கா ஆராய்ச்சி செஞ்சு, பாதிக்கு மேல புள்ளைங்களுக்கு கிட்டத்துல போகஸ் சரியா விழுறதில்ல, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேத்து பாக்குற பைபோகல் மூக்குக்கண்ணாடி போட்டா நல்ல வித்தியாசம் தெரியுதுன்னு காட்டியிருக்காங்க. யோசிச்சு பாருங்க, கண்ணுக்கு காட்டி பழக்க போறோம், அந்த கண்ணுக்கே தெரியலன்னா எதுக்கு? படம் காட்டுற செல்போன தம்பி தள்ளி விட்டுட்டே இருந்தான், புடிக்கலன்னு நெனச்சோம், மூக்குக்கண்ணாடி போட்டதுக்கப்புறம் அவனே போன எடுத்து மடில வச்சுக்கிறான். கண் கிளினிக்ல "கிட்டத்து பார்வையையும் பாருங்க"ன்னு வாய் விட்டு கேளுங்க.

எந்த வார்த்தைய எடுக்குறது

அஞ்சு வார்த்தை போதும். ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு சத்தம். அந்த வார்த்தைங்க புள்ளைக்கு ஒரு நாளைக்கு பத்து தடவ தேவைப்படுறதா இருக்கணும், "யானை" "ரயில்"னு சார்ட்ல இருக்கிறதெல்லாம் வேணாம், யானைய அவன் எங்க போய் கேக்க போறான். பாண், பால், பாப்பா, போ, பஸ், இப்படி "ப"வுக்கு அஞ்சு கெடைக்கும். "ச"வுக்கு சட்டை, சோறு, சீனி, சப்பாத்து, சாமி. நம்ம பக்கத்துல பேச்சுல "ச"வ "ஸ்" மாதிரி தான் சொல்றோம், "ஸோறு" "ஸட்ட"ன்னு, அதையே பழக்குங்க, புத்தகத்துல இருக்கிற மாதிரி பழக்கினா புள்ள வீட்டுல கேக்குறது ஒண்ணு பழகுறது ஒண்ணுன்னு ஆயிடும்.

எந்த சத்தத்துல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா வெளிய தெரியிற சத்தத்துல. ப, ம ரெண்டும் ஒதட்டுல தெரியும். த பல்லுல தெரியும். ட, ன, ல கொஞ்சம் உள்ள. க, ங சுத்தமா பின்னால, அது கண்ணாடில லேசுல தெரியாது. ழ, ள வித்தியாசத்த இப்போதைக்கு மறந்துடுங்க, பெரியவங்களே பாதி பேர் சொல்றதில்ல.

முகம் பாக்குற கண்ணாடி

சின்ன கண்ணாடி வேணாம், ஒங்க மொகமும் புள்ள மொகமும் சேந்து தெரியிற அளவுக்கு வேணும், புள்ளைய பக்கத்துல ஒக்கார வச்சு ரெண்டு பேரும் ஒரே கண்ணாடிய பாக்கணும். எதிர எதிர ஒக்காந்தா அவன் உங்கள மட்டும் தான் பாப்பான், தன் வாய் என்ன செய்யுதுன்னு அவனுக்கு தெரியாது. லயத்துக்குள்ள பகல்லயே இருட்டு, அதனால இஸ்தோப்புல, அதான் வாசல் திண்ணைல, வெளிச்சம் மொகத்துல விழுற மாதிரி ஒக்காருங்க, முதுகு பக்கம் வெளிச்சம் இருந்தா வாய் கறுப்பா தான் தெரியும்.

"ப"வுக்கு ஒதடு மூடுறத காட்டுங்க, மூடி ஒரு நொடி நிப்பாட்டி அப்புறம் தெறங்க. இன்டர்நெட்ல இங்கிலீஷ் வீடியோல டிஷ்யூ பேப்பர வாய்க்கு முன்னால புடிச்சு "ப"ன்னு சொன்னா பேப்பர் ஆடும்னு காட்டுவாங்க, அது இங்கிலீஷ்ல வார்த்தை ஆரம்பத்துல வர்ற "ப"வுக்கு, அதுல காத்து அடிச்சுட்டு வரும். நம்ம "ப"ல அவ்வளவு காத்து இல்ல. நான் ரெண்டு வாரம் டிஷ்யூவ புடிச்சுக்கிட்டு அவன ஊத விட்டேன், கடைசில அவன் பாப்பாவ "ஃபாஃபா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான். டிஷ்யூவ விட்டுடுங்க.

"ம"வுக்கு நம்ம மலைநாட்டு குளிர் ஒரு உதவி. விடியகாலைல கண்ணாடி நல்லா சில்லுன்னு இருக்கும், சின்ன கைக்கண்ணாடிய மூக்குக்கு அடியில படுக்க வச்சு புடிச்சு "ம்ம்ம்"னு சொல்ல சொல்லுங்க, மூக்கால வர்ற காத்து கண்ணாடில ஆவியா படியும். தொடச்சுட்டு "பா பா பா"ன்னு சொல்ல சொல்லுங்க, படியாது. சொல்லி முடிஞ்ச அடுத்த நொடியே கண்ணாடிய இழுத்துடணும், இல்லன்னா அடுத்த மூச்சு பட்டு ஆவி வந்துடும், புள்ளைக்கு கொழப்பமாயிடும். நுவரெலியா 1868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, அங்க உள்ளவங்களுக்கு வருசம் பூரா காலைல இது வேல செய்யும். கீழ சூடான பக்கம் இருக்கிறவங்க கண்ணாடிய கொஞ்ச நேரம் குளிர் தண்ணில வச்சு தொடச்சுட்டு பாவிச்சு பாருங்க. "பா"க்கும் எப்பவும் ஆவி படியுதுன்னா மூக்கு வழியா காத்து ஒழுகுது, அத மிஸ்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, நம்மளா எதுவும் செய்ய கூடாது.

"த"வுக்கு பல்லுக்கு பின்னால நாக்கு நுனி ஒட்டுறது தெரியும். "ச"வுக்கு பல்லு ரெண்டும் கிட்ட கிட்ட வந்து நாக்கு உள்ளயே இருக்கணும். எங்க மிஸ் அன்னைக்கு காட்டினது இத தான், பல்ல மூடி வச்சுக்கிட்டு காத்த மட்டும் விட்டாங்க. தம்பி சட்டைய சொல்றப்ப நாக்கு பல்லுக்கு நடுவுல எட்டி பாக்குறத அவனே கண்ணாடில பாத்தான், பாத்துட்டு கையால தள்ளி விட்டான். அன்னைக்கு தான் மொத மொதல்ல அவன் தன் பிழைய கண்டது.

"க"வுக்கு வாய நல்லா தெறந்து "ஆஆ"ன்னு ஆரம்பிச்சு "ஆஆக்"ன்னு முடிக்க சொல்லி, போன் டோர்ச்ச வாய் பக்கம் திருப்பி கண்ணாடில காட்டினா நாக்கோட பின்பக்கம் மேல எழும்புறது தெரியும். கரண்டியால நாக்க அமுக்குறது, பிஸ்கட் குச்சி வைக்கிறது எல்லாம் வேணாம், தெரபிஸ்ட் செஞ்சா செய்யட்டும்.

போன் கேமரா

கண்ணாடில அந்த நொடி போயிடும், வீடியோல திரும்ப பாக்கலாம், மெதுவா ஓட விட்டும் பாக்கலாம். செல்ஃபி கேமராவ விட பின்பக்க கேமரா தெளிவா இருக்கும். வாய் மட்டும் எடுக்காம மொகம் முழுசா எடுங்க, தன் மொகத்த பாத்தா தான் புள்ளைக்கு ஆசை வரும்.

இதுல நாங்க கண்ட ரொம்ப பலனுள்ள வழி இது தான்: பத்து தடவ சொன்னதுல ஒண்ணு நல்லா வந்திருக்கும், அத மட்டும் வெட்டி எடுத்து வச்சுக்கோங்க, மத்த ஒம்பதையும் அழிச்சுடுங்க. அடுத்த நாள் பழகுறதுக்கு முந்தி அந்த ஒண்ண மூணு தடவ போட்டு காட்டுங்க. அவன் பாக்குறது வேற யாரையும் இல்ல, தன்னையே, தான் சரியா சொல்றத. தம்பி அத பாத்து கை தட்டுவான், தட்டிட்டு அதே மாதிரி சொல்ல பாப்பான். பிழையா சொன்ன வீடியோவ காட்டி "பாரு எப்படி சொல்றே"ன்னு கேக்குறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு அது வேணாம், அந்த புள்ளைங்களுக்கு நம்ம மொகம் சுழிச்சா உடனே புரியும், அதோட வாய மூடிடுவாங்க.

ரெக்கோடர்ல வர்ற அலை

எந்த போன்லயும் வாய்ஸ் ரெக்கோடர் இருக்கும், டேட்டா வேணாம், ரீலோட் வேணாம். பேசினா கோடு மேல கீழ எழும்பும். இத அசை எண்ணுறதுக்கு பாவிச்சுக்கோங்க, ஏன்னா நம்ம புள்ளைங்க வார்த்தைய பாதில விழுங்கிடுவாங்க, கத்திரிக்காய "கக்கா"ன்னு முடிச்சுடுவாங்க. "அப்பா"ன்னு சொன்னா ரெண்டு மலை, நடுவுல ஒரு பள்ளம், அந்த பள்ளம் தான் "ப்ப"க்காக ஒதடு மூடி இருந்த நேரம். "கத்திரிக்கா"ன்னா நாலு மலை வரணும். தம்பிக்கு "எத்தன மலை?"ன்னு கேட்டா போதும், வெரல வச்சு எண்ணுவான், மூணு தான் இருந்தா தானே தலைய ஆட்டிட்டு திரும்ப சொல்லுவான். ப்ப, த்த, ட்ட, க்க உள்ள வார்த்தைல பள்ளம் தெளிவா தெரியும். மாமா, வேல மாதிரி வார்த்தைல சத்தம் நிக்காம ஓடுறதால மலை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு தெரியும், அத எடுத்து புள்ளைய கொழப்பாதீங்க.

மேகம் காட்டுற ஆப்

இது தான் எங்க வீட்டுல சட்டைய கொண்டு வந்தது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஸ்பெக்ட்ரோகிராம்னு தேடினா சத்தத்த படமா காட்டுற போன் ஆப் இலவசமா கெடைக்கும். வீட்டுலயோ பக்கத்து ஸ்கூல்லயோ கம்ப்யூட்டர் இருந்தா பிராட்னு ஒரு சொஃப்ட்வெயார் இருக்கு, நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம் யூனிவர்சிட்டில பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உண்டாக்கினது, அதுவும் இலவசம், உலகம் பூரா பேச்சு ஆராய்ச்சி செய்றவங்க பாவிக்கிறது. படத்துல எடது பக்கத்துல இருந்து வலது பக்கத்துக்கு நேரம் ஓடும், கீழ தடிச்ச சத்தம், மேல மெல்லிய கீச்சு சத்தம், எங்க சத்தம் பலமோ அங்க கறுப்பாகும், ஆப்ல நெறமாகும்.

ஆ, ஈ, ஓ எல்லாம் கீழ பட்டை பட்டையா வரும். "ஸ்" மட்டும் மேல, 4000 ஹேர்ட்ஸுக்கு (சத்தம் எவ்வளவு கீச்சுன்னு சொல்ற அளவு) மேல, பொகை மாதிரி வந்து நிக்கும். "த" சொன்னா அந்த பொகை வராது, கொஞ்சம் வெறுமையா இருந்து ஒரு சின்ன கோடு மட்டும் விழும். தம்பிக்கு அது மேகம். மேல மேகம் வந்தா சட்டை, மேகம் வரலன்னா தாத்தா. எங்க தோட்டத்துல தெனம் மதியத்துக்கு மேல மேகம் எறங்கி மலைய மூடுறத பாத்து வளந்த புள்ள, அவனுக்கு நான் வெளக்கவே தேவைப்படல. மொதல்ல வார்த்தை வேணாம், "ஸ்ஸ்ஸ்"னு மட்டும் விட்டு மேகம் செய்ய விடுங்க, நீள மேகம், குட்டி மேகம்னு வெளையாடுங்க. அப்புறம் மேகத்தோட ஒரு ஆ, "ஸ்ஸ்ஆ". அப்புறம் "சாமி". கடைசில தான் "சட்டை", ஏன்னா பின்னால வர்ற ட்ட அவன திரும்ப த பக்கம் இழுக்கும்.

பிராட்ல ஒரு விசயம் கவனிங்க, அது சாதாரணமா 5000 ஹேர்ட்ஸ் வரைக்கும் தான் காட்டும், மேகம் அதுக்கு மேல தான் நெறைய இருக்கும், அதனால ஸ்பெக்ட்ரோகிராம் செட்டிங்ல 10000ன்னு மாத்துங்க. நான் இது தெரியாம ஒரு வாரம் "மேகமே வரல"ன்னு அவன திரும்ப திரும்ப சொல்ல வச்சேன், அவன் சரியா தான் சொல்லியிருக்கான். இன்னொண்ணு மழை. தகரத்துல மழை அடிக்கிற சத்தமும் "ஸ்" மாதிரி தான், படம் பூரா மேல இருந்து கீழ வரைக்கும் கறுப்பாயிடும், அப்ப எல்லாமே மேகமா தெரியும், பிழையும் சரியா தெரியும். மழை நேரத்துல இத தூக்கி வச்சுட்டு கண்ணாடிய எடுங்க. வாய்ஸ் மெசேஜா அனுப்பினத வச்சும் பாக்காதீங்க, அதுல சத்தத்த சுருக்கி அனுப்புறதால மெல்லிய சத்தம் மங்கிடும்.

பெரிய மெஷின்கள்

இத தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது, என்னைக்காவது யாராவது சொல்லலாம். எலக்ட்ரோபலடோகிராபின்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா இபிஜி. பல் டாக்டர் மேல் வாய்க்கு அச்சு எடுத்து, பல்லு செட்டு மாதிரி மெல்லிய தகடு ஒண்ணு அந்த புள்ளையோட வாய் அளவுக்கே செய்வாங்க, பிரிட்டன்ல பாவிக்கிற ஒரு வகை தகட்டுல 62 சின்ன புள்ளி, எட்டு வரிசையா, மொத வரிசைல ஆறும் மத்ததுல எட்டெட்டும். நாக்கு எந்த புள்ளில படுதோ அது ஸ்கிரீன்ல எரியும், ஒரு நொடிக்கு 100 தடவ படம் மாறும். இங்கிலீஷ் "ட்"க்கு முன்னாலயும் ரெண்டு பக்கமும் சேந்து குதிரை லாடம் மாதிரி வரும், "ஸ்"க்கு ரெண்டு பக்கமும் பட்டு நடுவுல ஒரு வாய்க்கால் தெறந்திருக்கும், "க"க்கு கடைசி வரிசை மட்டும். ஸ்கொட்லாந்துல எடின்பரோ குயின் மார்கரெட் யூனிவர்சிட்டில டவுன் சின்ட்ரோம் உள்ள புள்ளைங்களோட இத பாவிச்சு பாத்திருக்காங்க, புள்ளைங்க தங்களோட நாக்கு படுற படத்த பாத்து மாத்துனாங்க, ஒரே வார்த்தைய ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி சொல்றதும் படத்துல தெரிஞ்சுச்சு. ஆனா ஒவ்வொரு புள்ளைக்கும் தனி தகடு, செலவு கூட, பால் பல்லு விழுந்து மொளைக்கிற வயசுல தகடு பொருந்தாம போயிடும். நான் போன கிளினிக் எதுலயும் இது இருக்கல.

ரெண்டாவது அல்ட்ராசவுண்ட், புள்ளத்தாச்சிங்களுக்கு ஸ்கேன் எடுக்கிற அதே வகை. தாடைக்கு அடியில ஜெல் பூசி வச்சா நாக்கோட மேல்பக்கம் வெள்ள வளைவா ஸ்கிரீன்ல தெரியும், "க" சொன்னா பின்னால மேடு எழும்பும், "த" சொன்னா முன்பக்கம். வாய்க்குள்ள எதுவும் வைக்கிறதில்ல, வலிக்காது. கதவ "ததவு"ன்னு சொல்ற புள்ளைக்கு இது பொருத்தம். நாக்கு நுனி மட்டும் தாடை எலும்போட நெழல்ல சில நேரம் மறைஞ்சிடும். ஸ்கேன் காம்பராக்கு போய் "பேச்சுக்கு எடுங்க"ன்னு கேக்க முடியாது, அத பாத்து பழக்க தெரிஞ்ச தெரபிஸ்ட் வேணும்.

இந்த ரெண்டும் இல்லாததால உங்க புள்ள பேசாம போயிடும்னு நெனச்சு மனசு ஒடைய வேணாம். பெரிய மெஷினும் "நீ செஞ்சது இது"ன்னு புள்ளைக்கு காட்ட தான் செய்யுது.

காட்டுறதுல ஒரு முறை

பத்து நிமிசம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. அம்மா பறிச்ச கொழுந்த நெறை போட்டுட்டு வந்து குளிச்சு டீ குடிச்சதுக்கப்புறம் ஒண்ணு, ராவைக்கு படுக்க முந்தி ஒண்ணு. பசியிலயும் தூக்கத்துலயும் வேணாம். ஒரு மணித்தியாலம் ஒக்கார வச்சு பழக்கிட்டு அடுத்த மூணு நாள் விடுறதுல பிரயோசனம் இல்ல.

மொத வாரம் ஒவ்வொரு தடவையும் காட்டுங்க. ரெண்டாவது வாரம் சொல்லி முடிஞ்ச உடனே காட்டாம ரெண்டு மூணு நொடி பொறுத்து, ஸ்கிரீன கையால மூடிக்கிட்டு "மேகம் வந்துச்சா?"ன்னு அவன்கிட்ட மொதல்ல கேளுங்க, அவன் ஆமா இல்லன்னு சொன்னதுக்கப்புறம் கைய எடுங்க. இந்த ஒரு கேள்வி தான் எல்லாத்துலயும் முக்கியம்னு நான் நம்புறேன், ஏன்னா அப்ப தான் அவன் தன் வாய்க்குள்ள என்ன நடந்துச்சுன்னு தேட ஆரம்பிக்கிறான், இல்லன்னா ஸ்கிரீன பாத்து ஆடுற வெளையாட்டா மட்டும் நின்னுடும். அப்புறம் மூணு தடவைக்கு ஒரு தடவ காட்டுங்க, அப்புறம் அஞ்சுக்கு ஒண்ணு. பிழையா வந்தா "இல்ல"ன்னு சொல்லாம "மேகம் எங்க, தேடுவோம்"னு சொல்லுங்க.

எழுத்தையும் சேத்து வைங்க. அட்டைல "சட்டை"ன்னு பெருசா எழுதி "ச"வுக்கு மேல ஒரு மேகம் வரைஞ்சு ஒட்டினோம், கரண்ட் இல்லாத நேரத்துல போன் இல்லாட்டியும் அந்த அட்டை வேல செஞ்சுச்சு. டவுன் சின்ட்ரோம் புள்ளைங்கள்ல பல பேர் வாய் பேச்ச விட எழுத்த லேசா புடிச்சுக்குவாங்க, "பேச்சே வரல, எழுத்து எதுக்கு"ன்னு ஸ்கூல்ல சொன்னா கேக்காதீங்க. கைச்சைகையும் அப்படி தான், சைகை காட்டினா பேச்சு வராம போயிடும்னு பயப்பட வேணாம், அது பேச்சுக்கு தடை இல்ல.

விட வேண்டியது

விசில் ஊதுறது, பலூன் ஊதுறது, நாக்க வெளிய நீட்டி ஆட்டுறது, இதெல்லாம் வாய் தசைக்கு பலம்னு சொல்லுவாங்க, பேச்சு தெளிவாகுதுன்னு காட்ட நல்ல ஆதாரம் இல்ல, பேச்சு பழகணும்னா பேச்சு தான் பழகணும். நாக்கு பெருசா இருக்குன்னு வெட்டி சின்னதாக்குற ஒப்பரேசன் சில நாட்டுல செஞ்சு பாத்தாங்க, அதனால பேச்சு தெளிவாகுறதா ஆராய்ச்சில தெரியல. வசம்பு ஒரசி நாக்குல தடவுறது எங்க அப்பாயி காலத்து வழக்கம், அவங்க அன்புல தான் செய்றாங்க, ஆனா அதால ஒரு சத்தமும் வராது, புள்ளைக்கு வாய் எரிச்சல் தான். அப்பாயிக்கு அதுக்கு பதிலா வேற வேல குடுங்க, கீழ சொல்றேன்.

கிளினிக்குக்கு போறப்ப

இலங்கைல ஸ்பீச் தெரபிஸ்டுங்க நெறைய பேர் களனி பல்கலைக்கழகத்தோட ராகம மருத்துவ பீடத்துல படிச்சு வர்றாங்க, அரச ஆஸ்பத்திரில காட்ட சல்லி குடுக்க தேவையில்ல. தமிழ் பேசுற தெரபிஸ்ட் கெடைக்கிறது தான் கஷ்டம். நாங்க மொத போன ஒரு எடத்துல எல்லாம் சிங்களத்துல சொன்னாங்க, அம்மா தலைய தலைய ஆட்டிட்டு வந்துட்டாங்க, வீட்டுக்கு வந்து என்ன சொன்னாங்கன்னு கேட்டா "திரும்ப வர சொன்னாங்க"ன்னு மட்டும் தான் தெரிஞ்சுது. ஏழு மாசம் அப்படியே போச்சு. அம்மா மேல பிழை இல்ல, நெனச்சா இன்னும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அதனால நான் இப்ப செய்றது: ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு போறேன், இல்லன்னா போன்ல லைன்ல வச்சுக்கிறேன். ரெண்டு பாஷைலயும் ஒரே மாதிரி இருக்கிற வார்த்தைங்கள ஒரு துண்டுல எழுதி குடுக்கிறேன், பாண், பஸ், "ச"வுக்கு சீனியும் சப்பாத்தும், மிஸ் அத சிங்களத்துல பழக்கினாலும் வீட்டுல நாங்க தமிழ்ல பழகுறோம், வார்த்தை ஒண்ணு தான். த, ட வித்தியாசம் சிங்களத்துலயும் இருக்கு, அதனால அந்த மிஸ்மாருக்கு நம்ம சத்தம் ஒண்ணும் புதுசில்ல, பயப்படாம கேளுங்க. அந்த மாசத்துல வந்த நல்ல வீடியோ ஒண்ணும், மேகம் வந்த படம் ஒண்ணும், வராத படம் ஒண்ணும் போன்ல காட்டுங்க. கிளினிக்ல புள்ள வாயே தெறக்காது, வீடியோவ பாத்தா தான் அவங்களுக்கு உண்மை நெலமை தெரியும். "அடுத்த மாசம் வரைக்கும் எந்த சத்தம், எந்த அஞ்சு வார்த்தை"ன்னு கொப்பில எழுதி வாங்காம கதிரைய விட்டு எழும்பாதீங்க.

கண்ணாடியும் போனும் இல்லாம

மூணு நாலு வாரத்துல பழகுற நேரத்துல பத்துக்கு எட்டு சரியா வந்துச்சுன்னா அந்த வார்த்தைக்கு ஸ்கிரீன எடுத்துடுங்க. அப்புறம் அப்பாயி வேல. எங்க அப்பாயிக்கு காதும் கொஞ்சம் மந்தம், நாங்க என்ன வார்த்தை பழகுறோம்னும் அவங்களுக்கு சொல்றதில்ல. தம்பிய "போய் கேளு"ன்னு அடுத்த காம்பராக்கு அனுப்புவோம், அவன் கேட்டத வச்சு அப்பாயி சாமான எடுத்து குடுக்கணும். நான் பின்னால நின்னு வாய் அசைக்க கூடாது, கை காட்ட கூடாது. சட்டைய எடுத்து குடுத்தா கொப்பில ஒரு மேகம் வரையுவோம், வேற எதையாவது குடுத்தா ஒண்ணும் வரையிறதில்ல. ஒரு வாரத்துல அஞ்சு மேகம் வந்தா அடுத்த சத்தத்துக்கு போறோம், வரலன்னா போன திரும்ப எடுத்து "ஸ்ஸ்ஆ"ல இருந்து. இப்ப கொப்பில "சீனி" பக்கத்துல மூணு மேகம் இருக்கு, இன்னைக்கு வியாழக்கிழமை.